மூன்றாவது பேட்டரி

விநாயகம் டிராக்டரைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலை எடுத்து அடித்தான். தலைக்குத்தான் ஓங்கினான். பாண்டுரங்கன் இடது கையைக் குறுக்கே கொடுத்ததால் தலை தப்பித்தது, கை போனது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். வலி உடனே வரவில்லை. டிராக்டரின் பெரிய சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, காலையில் குடித்த கம்பங்கூழை மண்ணில் கக்கினான்.

"மூணாவதுடா. இது மூணாவது பேட்டரி. புதுசு போட்டு ரெண்டு மாசம் ஆவல. எங்கடா வித்த?"

"நான் விக்கல மாமா."

"விக்காம? பேட்டரி எழுந்து நடந்து செஞ்சிக்குப் போயி சினிமா பாக்குதா?"

"இங்கதான இருக்குது. செத்துப் போயிருக்குது."

"புதுச வித்துட்டு எவனோ தூக்கிப் போட்டத எடுத்தாந்து வெச்சிருக்கிற. மாமன் கேணப் பையன்னு நெனச்சிக்கினியா?"

மறுபடியும் ஓங்கினான். வீட்டுக்குள்ளிருந்து செல்லம்மாள் ஓடி வந்து நடுவில் விழுந்தாள். பாண்டுரங்கனுக்கு அக்காள், விநாயகத்துக்குப் பெண்டாட்டி. விநாயகம் ஹேண்டிலைக் கீழே போட்டான். அவளை அடிக்க அவனுக்கு இரும்பு தேவையில்லை. கொண்டையைப் பிடித்துச் சுற்றி டிராக்டர் சக்கரத்தில் மோதினான். கீழே விழுந்தவளை இடுப்பில் உதைத்தான். ஒன்று, அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்று.

"ஆடி பொறக்கறதுக்குள்ள இந்தப் பேட்டரி ஏன் சாவுதுன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா அக்காளும் தம்பியும் ஊட்ட உட்டுக் கெளம்பிடுங்க. திருட்டு நாயிங்களுக்கு நான் சோறு போட முடியாது."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டைப் பிடிக்கப் போய்விட்டான். ஆனி மாசக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. தெற்கே தெரிகிற ராஜகிரிக் கோட்டையும் அதன் பாறைகளும் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. செல்லம்மாள் எழுந்து உட்கார்ந்து உதட்டைத் துடைத்தாள். பிறகு தம்பியின் கையைப் பார்த்தாள். அது நேராக இல்லை.

அறுபத்தாறாம் வருஷம் அது. ரேஷனில் கோதுமை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷத்துத் தை மாசம்தான் விநாயகம் அந்த டிராக்டரை வாங்கினான். வல்லத்தில் தர்மநாத நைனார் என்கிற சமணரிடம் கிடந்த பழைய அமெரிக்க வண்டி. உலகச் சண்டைக் காலத்துக்கு முந்தி கப்பலில் வந்ததாம். சிவப்புப் பெயின்ட் வெயிலில் காய்ந்து செங்கல் நிறமாகிவிட்டது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. விநாயகம் அதுவரை கட்டைவண்டி ஓட்டினவன். நான்கு ஜோடி மாடுகளை அடித்தே கொன்றவன் என்று ஊரில் பேச்சு. மாடு என்றால் அடித்தால் எழும். டிராக்டரை எவ்வளவு அடித்தாலும் எழவில்லை. அதனால் ஓட்டுகிறவனை அடித்தான்.

பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும். அந்த இன்ஜினுக்குப் பொறி கொடுப்பது வேறு சாமான். ஆனால் பட்டனை அழுத்திக் கிளப்ப முடியாது. முன்னால் நின்று ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். ஒரு தரம் சுற்றிக் கிளம்பினால் சாமி புண்ணியம். வயலின் நடுவில் நின்றுபோனால் மறுபடி அரை மணி நேரம் சுற்ற வேண்டும். ஆடிப் பட்டத்துக்கு மல்லாட்டைக் கடலை போட வல்லத்திலும் மண்டகப்பட்டிலும் அவலூர்பேட்டைப் பக்கத்திலும் ஏர் ஓட்டச் சொல்லி ஆட்கள் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாவது பேட்டரிக்குச் செல்லம்மாளின் கம்மல் போயிற்று. காதில் துடைப்பக்குச்சி சொருகியிருந்தாள்.

எலும்புக் கட்டுக்காரர் கையை இழுத்து நேராக்கும்போது பாண்டுரங்கன் துண்டைக் கடித்துக்கொண்டான். முட்டையின் வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துச் சுற்றினார்.

"இன்னா ஆச்சி?"

"ஹேண்டில் திருப்பி அடிச்சிடுச்சி."

கட்டுக்காரர் அவன் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. விநாயகத்தின் வீட்டிலிருந்து அவரிடம் வந்த முதல் ஆள் அவன் இல்லை.

சாயங்காலம் செல்லம்மாள் கேழ்வரகுக் களியை உருட்டிக் கருவாட்டுக் குழம்பில் போட்டுக் கொடுத்தாள். அவள் வாய் ஒரு பக்கம் வீங்கி, பேச்சு குழறியது.

"போயிடலாம் அக்கா," என்றான் பாண்டுரங்கன்.

"எங்க?"

"எங்கனா."

"எங்கனான்னு ஒரு ஊரு இருக்குதா? அப்பா செத்த வருசமே ஊடு இடிஞ்சி போச்சி. உனுக்கு ஒரு கை. எனக்கு இந்த மூஞ்சி. எவன் வேல குடுப்பான்?" களியை விரலால் அழுத்திப் பார்த்தாள். "நீ எடுக்கலதான?"

"அக்கா."

"கேக்கறன். எடுத்திருந்தாலும் எங்கிட்ட சொல்லு."

"எடுக்கல."

"அப்ப கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டா அடங்கிடுவாரு. வண்டி நின்னுபோச்சின்னா அவருக்குக் கிறுக்கு ஏறுது. ஓடிக்கினு இருந்தா நல்லவருதான்."

பாண்டுரங்கன் அதை நம்பினான். கொழுத்த குளவி காதில் நுழைந்த மாதிரி அந்த நினைப்பு அவனுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கண்டுபிடித்துவிட்டால் போதும்.

மறுநாள் செத்த பேட்டரியைக் கட்டைவண்டியில் போட்டு செஞ்சிக்குக் கொண்டுபோனான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இராமச்சந்திரன் பேட்டரிக் கடை வைத்திருந்தார். காக்கி அரை டிராயர் முழுக்க ஆசிட் பொத்தல். விரல் நகங்கள் மஞ்சளாக அரித்துப் போயிருந்தன. கடை வாசலில், பீடியோடு உள்ளே வருகிறவனைச் செருப்பால் அடிப்பேன் என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. வந்து நின்றவனின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "பேட்டரி ஒதச்சிச்சா?" என்றார்.

"மாமா."

"பேட்டரியவிட மாமன் நல்லா சார்ஜ் ஏறியிருக்கறான் போல."

மூடிகளைத் திருகிக் கழற்றி, முகர்ந்து பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. தகடுகள் வளைந்து, காய்ந்த சேறு மாதிரி உதிர்ந்திருந்தன. பெட்டியின் மேல்பக்கமே உப்பியிருந்தது.

"ஒரு நாளைக்கி எம்மா நேரம் ஓட்டற?"

"வெடிஞ்சா ஏறுனா பொழுது சாயறவரைக்கும்."

"தண்ணி ஊத்தறதில்லையா?"

"ஊத்தறன். ஊத்த ஊத்த வத்திப் போவுது."

"ஓட்டச் சொல்ல பேட்டரிகிட்ட காத வெச்சிக் கேட்டிருக்கியா?"

"தளதளன்னு சத்தம் வரும். ஒல கொதிக்கிற மாதிரி."

இராமச்சந்திரன் சிரித்தார். "இதுக்கு நீங்க இன்னா வைத்தியம் பண்ணீங்க?"

"டைனமோ வீக்குன்னு சொன்னாங்க. சார்ஜ் ஏறலன்னு மாமா பெல்ட்ட இறுக்குனாரு. உள்ள இருக்கற பிரஷ்ஷக் கொஞ்சம் தள்ளி வெச்சாரு, ஜாஸ்தியா வரட்டும்னு."

"அடப் பாவிங்களா. இது பட்டினியில சாவலடா. தின்னு செத்திருக்குது. வயிறு வெடிக்க வெடிக்க ஊட்டியிருக்கறீங்க."

பாண்டுரங்கனுக்குப் புரியவில்லை. ரேஷன் கோதுமைக்கு வரிசையில் நிற்கிற வருஷத்தில், ஒன்று அதிகம் தின்று சாகும் என்பதே அவன் மனசில் ஏறவில்லை.

"உங்க வண்டியில சார்ஜ் காட்டற முள்ளு இருக்குமே, அது இன்னா காட்டுது?"

"கண்ணாடி ஒடஞ்சி முள்ளு துருப்புடிச்சிப் போச்சி."

"நாளைக்கி நான் வந்து என் முள்ளப் போட்டுப் பாக்கறன். அந்த மாமன அடிக்காம இருக்கச் சொல்லு. வேல செய்யற எடத்துல எனக்குக் கை நடுங்கும்."

இராமச்சந்திரன் சைக்கிளில் வந்தார். கேரியரில் ஒரு மரப்பெட்டி, அதில் சாணி உருண்டை அளவுக்கு ஒரு மீட்டர். கடையிலிருந்து, வண்டியைக் கிளப்பப் பத்தாத ஒரு பழைய பேட்டரியையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பேட்டரிக்கும் டைனமோவுக்கும் நடுவில் மீட்டரைச் சேர்த்தார். பாண்டுரங்கனால் சுற்ற முடியாததால் விநாயகமே ஹேண்டிலைப் பிடித்தான். ஐந்தாறு தரம் சுற்றியும் கிளம்பவில்லை. வண்டியின் மூக்கில் காலால் உதைத்தான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. "ஒன் ஆத்தா..." என்று ஆரம்பித்து அமெரிக்காக்காரன் வம்சம் முழுவதையும் திட்டிவிட்டுச் சுற்றியதில் கிளம்பியது.

மீட்டர் முள் ஒரே தாவலாகக் கடைசிக்குப் போய் நின்றது.

"பாத்தியா," என்றான் விநாயகம். "டைனமோ நல்லாத்தான் குடுக்குது. அப்ப இந்த நாயிதான் வித்திருக்குது." சொல்லிக்கொண்டே பாண்டுரங்கனின் பிடரியில் அறைந்தான். பாண்டுரங்கன் முன்னால் விழுந்து, கட்டுப் போட்ட கை டிராக்டரின் மட்கார்டில் இடித்தது. கண் இருட்டியது.

"யோவ்," என்றார் இராமச்சந்திரன். அவர் குரல் உயரவில்லை. "இன்னொரு தரம் கை நீட்டுனா நான் மீட்டர எடுத்துக்கினு போயிடுவன். அப்பறம் நீ சாவுற வரைக்கும் ஹேண்டில் சுத்திக்கினு இரு."

விநாயகம் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தான். பிறகு எட்டிப்போய் வேப்ப மரத்தடியில் குந்தினான்.

இராமச்சந்திரன் வெற்றிலை மடித்துப் போட்டு நிதானமாக மென்றார். மென்று துப்பி வாய் கொப்பளித்த பிறகும் முள் அதே இடத்தில் இருந்தது.

"பேட்டரி ரொம்பிக்கினே வந்தா முள்ளு எறங்கணும். இல்லன்னா எறக்கறதுக்கு ஒரு சுச்சி இருக்கணும். இந்த வண்டியில இது எறங்காது. இங்க வா." டைனமோவின் முதுகில் இருந்த இரண்டு வயரில் மெல்லியதைக் காட்டினார். "அதக் கழட்டு."

பாண்டுரங்கன் ஒற்றைக் கையால் நட்டைத் தளர்த்தி வயரை இழுத்தான். முள் செத்த மாதிரி கீழே விழுந்தது.

"எம்மா சார்ஜ் குடுக்கணும்னு டைனமோவுக்குச் சொல்றது இதுதான். இது எங்க போவுதுன்னு புடிச்சிக்கினே போ."

பாண்டுரங்கன் வயரைப் பிடித்துக்கொண்டே போனான். டாங்கிக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது. வயர் ஸ்டியரிங் கம்பத்தை ஒட்டி மேலே ஏறி, ஓட்டுகிறவன் முன்னால் இருக்கிற தகட்டில் ஒரு ஓட்டைக்குப் பின்னால் போயிற்று. அந்த ஓட்டையை அவன் தினமும் பார்த்திருக்கிறான். மரக்கட்டை வைத்து அடைத்திருந்தது. அங்கிருந்து வயர் கீழே இறங்கி வண்டியின் உடம்போடு ஒரு போல்ட்டில் முடுக்கியிருந்தது. முடுக்கின இடத்தில் வெள்ளை வேட்டிக் கிழிசலைச் சுற்றி, நூலால் அழகாகத் தைத்திருந்தார்கள்.

"இந்த ஓட்டையில ஒரு சுச்சி இருந்திருக்கணும்," என்றார் இராமச்சந்திரன். "லைட்டு சுச்சின்னு எல்லாரும் நெனைப்பாங்க. அதுல நாலு தட்டு. ரெண்டு லைட்டுக்கு. மீதி ரெண்டு சார்ஜுக்கு, கம்மி, ஜாஸ்தின்னு. கம்மியில வெச்சா இந்த வயரு ஒரு கம்பிச் சுருள் வழியாப் போயி உடம்புல சேரும். எவனோ சுச்சியப் புடுங்கிட்டு வயர நேரா உடம்புல முடுக்கிட்டான். டைனமோ நாள் பூரா முழு சார்ஜு. லைட்டும் இல்ல, தின்ன ஆளில்ல. எல்லாம் பேட்டரி வாய்க்குள்ள."

பழைய கரண்ட் அடுப்பின் கம்பிச் சுருள் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதை நறுக்கி வயருக்கும் உடம்புக்கும் நடுவில் சேர்த்தார். இன்ஜின் ஓட ஓட முள் எழுந்து, கால்வாசிகூட ஏறாமல் நின்றது. பேட்டரியில் காதை வைத்த பாண்டுரங்கனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவன் செல்லம்மாளைப் பார்த்தான். அவள் களத்தோரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இவன் விக்கல," என்றான் விநாயகம்.

"விக்கல."

விநாயகம் தாடையைச் சொறிந்தான். செய்ததற்கு வருந்துகிறவன் முகம் இல்லை அது. கையில் ஓங்கின கல்லை எங்கே போடுவது என்று தேடுகிறவன் முகம்.

"சுச்சியப் புடுங்குனவன் யாரு? நைனாருதான? எனக்கு வித்தவன் அவன்தான?"

அன்றைக்குச் சேவலை அறுக்கச் சொன்னான். பாண்டுரங்கனுக்கு ஈரலை எடுத்துப் போட்டான். "தின்னுடா மச்சான். நாளைக்கி வல்லம் போறம்." செல்லம்மாள் பரிமாறும்போது குழம்பில் உப்பு கம்மி என்று கிண்ணத்தை அவள் மார்பில் வீசினான். சூடான குழம்பு. அவள் சத்தம் போடாமல் ரவிக்கையைப் பிய்த்துப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள். பாண்டுரங்கன் வாயிலிருந்த ஈரலை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் டிராக்டரிலேயே வல்லம் போனார்கள். விநாயகம் ஓட்டினான், பாண்டுரங்கன் மட்கார்டில் தொற்றிக்கொண்டான். தர்மநாத நைனார் மாட்டுக் கொட்டகை பக்கத்தில் விதை மல்லாட்டையைக் கிளறிக் கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், ஐம்பது வயசு. வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா விநாயகம். வண்டி நல்லா ஓடுதா?"

"சுச்சியப் புடுங்குனது யாரு?"

"எந்த சுச்சி?"

"லைட்டு சுச்சி."

"அதுவா. நான்தான்." நைனார் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஐப்பசி மழையில ஒரு தரம் டிரைவர் லைட்டப் போட்டுக்கினு இருட்டுல ஏர் ஓட்டிட்டான். காலையில பாத்தா லைட்டுக் கூண்டு ரெண்டுலயும் ஈசல் வெந்து படி படியாக் கெடக்குது. எங்க ஊட்ல சந்தனா அன்னிக்கி முழுக்கப் பச்சத் தண்ணி குடிக்கல. இந்தப் பாவம் நமக்கு வேணாம்னு லைட்டயும் சுச்சியயும் கழட்டிட்டன். வயரு ஒண்ணு தொங்கிக்கினு இருந்திச்சி. தொட்டா கிட்டா ஷாக் அடிக்கப் போவுதுன்னு உடம்போட முடுக்கித் துணி சுத்தி வெச்சன். ஏன், இன்னா ஆச்சி?"

"உனுக்கு பேட்டரி சாவலையா?"

"நான் தண்ணி எறைக்க ஒரு மணி நேரம் போடுவன், நிறுத்திடுவன். அவ்ளோதான். லைட்டுக்கு இருக்கற சுச்சின்னுதான நெனச்சன்."

விநாயகம் அறைந்தான். நைனார் இரண்டடி பின்னால் போய் மாட்டுத் தீவனக் கவணையில் இடித்துக்கொண்டு நின்றார். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே நின்றார்கள். வீட்டு வாசலுக்கு வந்த சந்தனா அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈசல் செத்தா பாவம். மனுசன் செத்தா பரவால்லையா?" விநாயகம் பாண்டுரங்கனைச் சட்டையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினான். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். தூக்கினதில் பாண்டுரங்கனின் உயிர் போய் வந்தது. "பாருய்யா. எம் பொண்டாட்டி கூடப்பொறந்தவன். பேட்டரி செத்துப்போயி ஹேண்டில் சுத்தப் போயி, திருப்பி அடிச்சிக் கை முறிஞ்சிப் போச்சி. ஒன்னாலதான். சின்னப் பையன், வாழ வேண்டியவன். இதுக்கு நீ பதில் சொல்லு."

அவன் குரல் தழுதழுத்தது. அந்த நிமிஷத்தில் அவன் அதை நிஜமாகவே நம்பினான் என்பது பாண்டுரங்கனுக்குத் தெரிந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

நைனார் துண்டை வாயில் ஒற்றிக்கொண்டு கட்டுப் போட்ட கையையே பார்த்தார். அந்த வண்டியை அவரும் சுற்றியிருக்கிறார்.

"சோத்தாங்கையாலதான ஹேண்டில் சுத்துவ?"

பாண்டுரங்கன் தலையாட்டினான்.

"நொட்டாங்கை எப்பிடிப்பா ஒடிஞ்சுது?"

விநாயகம் அவன் சட்டையை விடவில்லை. விரல்கள் இறுகுவது பாண்டுரங்கனின் கழுத்துக்குத் தெரிந்தது. எலும்புக் கட்டுக்காரர் கேட்காத கேள்வி. ஊரில் ஒருத்தன்கூடக் கேட்காத கேள்வி.

"இவருதான் அடிச்சாரு," என்றான் பாண்டுரங்கன்.

"இன்னாடா?"

"ஹேண்டிலால அடிச்சாரு. எங்கக்காளையும் அடிச்சாரு. பேட்டரி செத்தப்பவும் அடிச்சாரு. நேத்து பேட்டரி நல்லானப்பறமும் அடிச்சாரு."

விநாயகம் சட்டையை விட்டுவிட்டுக் கையை ஓங்கினான். பாண்டுரங்கன் குனிந்தான். கவணை ஓரத்தில் மண்வெட்டி சாய்ந்திருந்தது. நல்ல கையால் அதன் காம்பைப் பிடித்து, இலையின் பின்பக்கம் வரும்படி தாழ்வாக வீசினான். அது விநாயகத்தின் வலது முட்டியில் பட்டது. கால் போகக்கூடாத பக்கம் போயிற்று. விநாயகம் சாணிக் குழியோரம் விழுந்து, மாடு கத்துகிற மாதிரி கத்தினான். பாண்டுரங்கன் மறுபடி ஓங்கினான். விநாயகத்தின் தலை நேர் கீழே இருந்தது.

"வேணாம்ப்பா," என்றார் நைனார். அவர் அதட்டவில்லை, தடுக்கவும் வரவில்லை. வாயில் ரத்தத்தோடு நின்ற இடத்திலேயே நின்றார். "போதும்."

பாண்டுரங்கன் அதையே கொஞ்ச நேரம் யோசித்தான். போதுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கை கனத்துப் போனதால் மண்வெட்டியைக் கீழே விட்டான்.

"இவர நான் மாட்டு வண்டி கட்டி அனுப்பறன்," என்றார் நைனார். "டிராக்டர நான் சுத்திக் கெளப்பித் தரன், நீ முன்னாடி போயி உங்கக்காகிட்ட சொல்லு."

செல்லம்மாள் முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். காயின் மூக்கைக் கல்லில் ஒரு தட்டு, விரலால் ஒரு பிளப்பு. ரவிக்கை போடாமல், கொப்புளத்தில் துணி படாதபடி புடவையைத் தளர்த்திச் சுற்றியிருந்தாள். டிராக்டரில் தம்பி மட்டும் வந்து இறங்குவதைப் பார்த்தாள்.

"மாமா எங்க?"

"நைனார் வண்டில வராரு. படுக்க வெச்சி இட்டாராங்க."

கை நின்றது. "செத்துட்டாரா?"

"இல்ல. முட்டி போயிடுச்சி. நான்தான் அடிச்சன்."

அவள் இன்னும் இரண்டு காயை உடைத்தாள். சொத்தைப் பருப்பு ஒன்றைப் பொறுக்கி எறிந்தாள்.

"எந்தக் காலு?"

"சோத்தாங்காலு."

"ஒதைக்கிறது அதாலதான்," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"போலீசு வந்தா வரும் அக்கா."

"எதுக்கு? டிராக்டர் ஹேண்டில் திருப்பி அடிச்சதுக்கெல்லாம் போலீசு வருதா?" மடியிலிருந்த தொலியை உதறிவிட்டு எழுந்தாள். "நடப்பாரா?"

"நடந்தாலும் நொண்டித்தான்."

தூரத்தில், ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி வருகிற சத்தம் கேட்டது. நடுநடுவே விநாயகத்தின் குரலும். அவள் பேரைச் சொல்லித்தான் கத்திக்கொண்டு வந்தான். செல்லம்மாள் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"கயித்துக் கட்டில எடுத்துக்கினு போயி மாட்டுக் கொட்டாயில போடு."

"கொட்டாயிலயா?"

"அங்கதான். கூழு கொண்டாந்து குடுப்பன். பீ மூத்திரம் அள்ளணும்னா அள்ளுவன். ஊட்டுக்குள்ள வேணாம்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.